இருபது முகப் பகடையும் மூன்று ஷிஃப்டும்

ஆரம்பாக்கத்தில் காசு கொடுத்தால் கிடைக்காத பொருள் குறைவு. பழவேற்காடு ஏரியில் விடியுமுன் பிடித்த நண்டு, நாம் பல் தேய்த்து முடிப்பதற்குள் வாசலுக்கு வந்துவிடும். தேசிய நெடுஞ்சாலை 16இல் கொல்கத்தா பக்கம் போகிற லாரிக்கு நடுராத்திரியில் டயர் போனாலும் பஞ்சர் ஒட்ட ஆள் உண்டு. அடுத்த ஸ்டேஷன் தடா, அது ஆந்திரா. ஆகவே தெலுங்குப் பேப்பர், தெலுங்குப் பட போஸ்டர், தெலுங்கில் வசவு எல்லாம் தாராளம். ராக்கெட் இலவசம். 2013 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செவ்வாய்க்குக் கிளம்பிய மங்கள்யானை எங்கள் தெருப் பெண்கள் மொட்டைமாடியில் துணி உலர்த்தியபடியே வழியனுப்பினார்கள். "போய்ட்டு வா" என்று ஒருத்தி கையைக்கூட ஆட்டினாள். அது ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காத வண்டி.

இத்தனை இருந்தும் ஊரில் இல்லாத ஒன்று, கேம் ஷாப்.

கேம் ஷாப் என்றதும் பையன்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சுட்டுக்கொண்டு கத்துகிற இடத்தை நினைக்க வேண்டாம். நான் சொல்வது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டத்துக்கான கடை. ஒருவர் கதை சொல்வார். மற்ற நாலைந்து பேர் ஆளுக்கொரு வேஷம்: மந்திரவாதி, போர்வீரன், திருடன், பூசாரி. "எதிரே ஒரு இரும்புக் கதவு" என்பார் கதை சொல்கிறவர். "உடைக்கிறேன்" என்பான் போர்வீரன். உடைந்தது கதவா, தோள்பட்டையா என்பதைப் பகடை சொல்லும். ஜெயிப்பது, தோற்பது என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கதை போகும், போய்க்கொண்டே இருக்கும். மெகா சீரியல் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பயப்பட எதுவுமில்லை.

அமெரிக்காவில் இதற்கென்றே கடைகள் உண்டு. முன்பக்கம் அலமாரி நிறைய விதிப் புத்தகங்கள், பின்பக்கம் நாலு மேசை. ஆட்டத்தின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். 1974இல் வந்தது. உண்டாக்கியவர்கள் இருவர்: கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்து, அந்த வேலை போனபின் வீட்டில் உட்கார்ந்து செருப்பு தைத்தவர். முதல் பதிப்பு ஆயிரம் பெட்டி, விலை 10 டாலர். பெட்டிக்குள் புத்தகங்களை அடுக்கி மூடியது அவர் வீட்டில்தான். ஊர், விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்கிற ஏரிக்கரைச் சிற்றூர். ஏரி எங்களிடமும் இருக்கிறது. செருப்பு தைக்கிறவர் பஸ் ஸ்டாப்பிலேயே இருக்கிறார். அப்புறம் ஏன் நடக்கவில்லை என்று யோசித்தால், நடந்திருக்கிறது. நாம்தான் டிரேட் மார்க் வாங்கவில்லை.

தொண்டை நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும். பகலில் உரமூட்டை தூக்குகிறவர் ராத்திரி துரியோதனன். கட்டியக்காரன் வந்து கதையை நகர்த்துவான், நடுவில் பஞ்சாயத்துத் தலைவரைக் கிண்டல் செய்வான். பகடைக்குச் சகுனி இருக்கிறார். படுகளத்தன்று மண்ணில் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்து, ஊரே சுற்றி நின்று, கூத்து எது நிஜம் எது என்ற வரப்பு அழிந்துபோகும். கைகாக்ஸ் ஒரு தரம் வந்து பாயில் உட்கார்ந்து பார்த்திருந்தால் பக்கம் பக்கமாக விதி எழுதியிருக்க மாட்டார். எங்களுக்கு விதி தேவைப்பட்டதில்லை, ஏனென்றால் பீமன் ஜெயிப்பான் என்பது எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக்காரன் சேர்த்தது ஒன்றுதான்: பீமன் கதையைத் தவறவிட்டுக் கால் தடுக்கி விழுவதற்கும் நூற்றுக்கு ஐந்து வாய்ப்பு வைத்தான்.

எனக்கு இந்தப் பித்து அக்கா மகன் மூலம் ஒட்டியது. அவன் பெங்களூரில் சாஃப்ட்வேர். அங்கே காபி விற்கிற விலைக்கு ஆட்டத்தையும் சேர்த்து விற்கும் கடைகள் இருக்கின்றன. பொங்கலுக்கு வந்தவன், "மாமா, நீங்க நல்லாக் கதை விடுவீங்க. நீங்கதான் டன்ஜன் மாஸ்டர் ஆகணும்" என்றான். நான் சிப்காட்டில் குவாலிட்டி டிபார்ட்மென்ட். கஸ்டமர் ஆடிட்டின்போது நான் விடுகிற கதைகளை அவன் கேட்டதில்லை, ஆனால் ரத்தம் பேசியிருக்க வேண்டும்.

முதலில் உள்ளூரில் முயன்றேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோர். பொட்டு, வளையல், பிளாஸ்டிக் பூ, பள்ளிக்கூட சார்ட் எல்லாம் உண்டு.

"பாய், பகடை இருக்கா?"

"தாயக்கட்டையா, லூடோ டைஸா?"

"இருபது மூஞ்சி வச்ச பகடை."

பாய் வளையலை அடுக்குவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ராவணனுக்கே பத்துதான் சார்."

சரி, மெட்ராஸுக்குப் போவது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் 'சென்னை' என்பது போர்டில் மட்டும்தான்.

பழைய காலமாக இருந்தால் நான் அலைந்திருக்கவே வேண்டாம். சென்ட்ரலை ஒட்டி மூர் மார்க்கெட் இருந்தது. 1900இல் திறந்த செங்கல் கட்டடம். பழைய புத்தகம், கிராமஃபோன், கிளி, முயல் என்று சகலமும் அங்கே கிடைத்ததாக அப்பா சொல்லுவார். 1985இல் எரிந்து போயிற்று. கடைக்காரர்கள் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயிலுக்கான ஸ்டேஷன் வந்தது, பெயரும் மூர் மார்க்கெட் வளாகம்தான். கும்மிடிப்பூண்டி லோக்கல் கிளம்புவது அங்கிருந்துதான். அதாவது, எந்த இடத்தில் புத்தகம் கிடைத்திருக்குமோ, சரியாக அந்த இடத்தில் நின்று, புத்தகம் கிடைக்காமல் வீட்டுக்கு ரயில் பிடிக்கும் வசதியை அரசு செய்து கொடுத்திருக்கிறது.

அண்ணா சாலையில் ஹிக்கின்பாதம்ஸ் 1844இலிருந்து இருக்கிறது. அது பெரியவர், பெரியவரிடம் போய் டிராகன் கேட்க எனக்குக் கூச்சம். அதனால் ஏசி போட்ட, காபி வாசனை வருகிற, பெயர் சொல்ல விரும்பாத இன்னொரு கடைக்குப் போனேன். கழுத்தில் பட்டை தொங்கும் தம்பி ஒருவர் வந்தார். மூன்று புத்தகம் வேண்டும் என்று சீட்டை நீட்டினேன்: பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல்.

தம்பி படித்தார். "மாஸ்டர்ஸ் கைடு எந்த யூனிவர்சிட்டி சார்?"

விளக்கினேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு கம்ப்யூட்டரில் தட்டினார். முகம் மலர்ந்தது. மூன்றும் கடையில் இருந்தன. பிளேயர்ஸ் ஹேண்ட்புக் விளையாட்டுப் பகுதியில் டெண்டுல்கருக்குப் பக்கத்தில். டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, வங்கித் தேர்வு கைடுகளோடு. மான்ஸ்டர் மேனுவல் குழந்தைகள் பிரிவில், பேசும் முயலுக்கும் கலர் பென்சிலுக்கும் நடுவில். பெற்றோர் யாராவது திறந்து பார்த்திருந்தால் கடைக்குப் பூட்டு. தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுதான் சரியான இடம்.

விலை ஒவ்வொன்றும் மூவாயிரத்தை ஒட்டி. அமெரிக்காவில் 2014இல் அட்டை விலை 49.95 டாலர். அங்கிருந்து கடல் தாண்டும்போது 2019 பட்ஜெட்டில் போட்ட 5 சதவீதச் சுங்கமும் ஏறிக்கொள்ளும். ஆனால் இங்கே பில்லில் ஜி.எஸ்.டி. இல்லை. அச்சடித்த புத்தகத்துக்கு வரி கிடையாது. பிஸ்கட்டுக்கு வரி உண்டு, டிராகனுக்கு இல்லை என்பது என் மனைவியிடம் சொல்வதற்கென்றே யாரோ யோசித்துப் போட்ட சலுகை என்று எடுத்துக்கொண்டேன். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மூன்றும் கெட்டி அட்டை, வழவழ தாள், சேர்த்தால் 992 பக்கம். மஞ்சள் பையில் போட்டுத் தோளில் மாட்டியதும் ஒரு பக்கம் சாய்ந்தேன். இந்த ரயில் பாதை தெரிந்தவர்களுக்கு இதன் ஆபத்து புரியும். கும்மிடிப்பூண்டி வழியாக ஆந்திரா போகும் ரயிலில் கனமான பை என்றால் அது ரேஷன் அரிசி. பையைத் தூக்குகிறவர் உடம்பு சாய்கிற கோணத்தை வைத்தே இத்தனை கிலோ என்று கணிக்கிறவர்கள் உண்டு.

வண்டி திருவொற்றியூர் தாண்டும்போது எனக்கு ஒரு ஆற்றாமை வந்தது. டயர் விற்கிற எம்.ஆர்.எஃப். 1946இல் பிறந்தது இந்தத் திருவொற்றியூரில். கொட்டகையில் மாமென் மாப்பிள்ளை செய்தது டயர் இல்லை, குழந்தைகளுக்கான பலூன். அதே கம்பெனி பிற்பாடு அமெரிக்க ஹாஸ்ப்ரோவோடு சேர்ந்து ஃபன்ஸ்கூல் தொடங்கியது. ஹாஸ்ப்ரோ, 1999இல் நம் டிராகன் ஆட்டத்தை வைத்திருந்த கம்பெனியையே வாங்கிவிட்டது. உறவுமுறை போட்டுப் பார்த்தால் டிராகன் எங்கள் லோக்கல் ரயிலுக்குச் சம்பந்தி வீடு. திருவொற்றியூர் வரை உறவு வைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி ஆரம்பாக்கம் வரை வந்திருந்தால் எனக்கு இந்தத் தோள்வலி இல்லை.

பொன்னேரி தாண்டியதும் காக்கிச் சட்டை ஒருவர் எதிரே நின்றார். "பையில இன்னா?"

"புக்கு சார்."

"மூட்டையில புக்கா?" என்று அவரே கையை விட்டு ஒன்றை எடுத்தார். மான்ஸ்டர் மேனுவல். விரித்த பக்கத்தில் பிஹோல்டர்: அந்தரத்தில் மிதக்கும் உருண்டைத் தலை, நடுவில் ஒரு பெரிய கண், உச்சியில் காம்பு காம்பாகப் பத்துக் கண். அவர் அதைப் பார்த்தார். அது அவரைப் பதினோரு கண்ணாலும் பார்த்தது.

"இது எந்த எக்ஸாமுக்கு?"

பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த ஆயா எட்டிப் பார்த்து, "இன்னொரு படம் காட்டு நைனா" என்றார். அடுத்து வந்தது மைண்ட் ஃப்ளேயர், வாயைச் சுற்றி நாலு கால் தொங்கும் மண்டைதின்னி. ஆயா யோசிக்கவே இல்லை. "கடம்பா. சுத்தம் பண்ணாத கடம்பா." பெட்டியே குனிந்து பார்க்க, கும்மிடிப்பூண்டி வரும்வரை புத்தகம் என் கைக்குத் திரும்பவில்லை. காக்கிச் சட்டைக்காரர் இறங்கும்போது, "அரிசின்னா கேஸ் போட்டு முடிச்சிருப்பேன். இதுக்கு இன்னா செக்‌ஷன்னே தெரியல" என்று மனசு விட்டுச் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தது ராட்சசன் பக்கத்தை. ஆமாம், நம் ராட்சசனும் அதில் இருக்கிறான். 1977இல் வந்த முதல் மான்ஸ்டர் மேனுவலிலேயே இருக்கிறான், புலித்தலையோடு, பைப் புகைத்துக்கொண்டு. இப்போது பைப்பை விட்டுவிட்டான் போலிருக்கிறது. புலித்தலை அப்படியே. உள்ளங்கை மட்டும் திருப்பிப் பொருத்தியது, புறங்கை இருக்க வேண்டிய பக்கம் உள்ளங்கை.

கூத்தில் பகாசுரனைப் பார்த்து வளர்ந்தவர் அம்மா. மீசை எங்கே, கோரைப்பல் எங்கே என்று தேடினார். பிறகு அவருக்கு வந்த சந்தேகம் கைகாக்ஸுக்கு வந்திருக்காது. "கை இப்படித் திரும்பியிருந்தா சோத்தை எப்படிடா பிசைவான்?"

992 பக்கத்தில் இதற்குப் பதில் இல்லை.

ஆக, புத்தகம் வந்துவிட்டது. அமெரிக்கக் கடைக்காரன் உண்மையில் எதை விற்கிறான் என்று எனக்கு அதன் பிறகுதான் விளங்கியது. அவனிடம் புத்தகம் ஒரு சாக்கு. அவன் விற்பது பின்பக்கத்து நாலு மேசையை. அந்த மேசையில், ஒரே சாயங்காலத்தில், ஒரே நேரத்தில், ஐந்து பேர். அதைக் கூரியரில் அனுப்ப முடியாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அதைத் தயாரிக்கவும் முடியாது.

காரணம் ஷிஃப்ட். ஏ ஷிஃப்ட் காலை ஆறிலிருந்து இரண்டு, பி ஷிஃப்ட் இரண்டிலிருந்து பத்து, சி ஷிஃப்ட் ராத்திரி பத்திலிருந்து ஆறு. வாரம் ஒரு முறை சக்கரம் சுற்றும். நான் ஜெனரல் ஷிஃப்ட், பெயரில்தான் ஜெனரல். இதில் நாலு பேர், ஆளுக்கொரு வேலை, வெவ்வேறு வார விடுமுறை. மந்திரவாதி விழித்திருக்கும்போது போர்வீரன் தூங்குகிறான். திருடன் ஓவர்டைம். டிராகனைக் கொல்ல எல்லோரும் கூடுகிற முகூர்த்தத்தைப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதைவிட ஹெச்.ஆரிடம் கேட்பது நல்லது.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். முதலாமவர் ஜெராக்ஸ் கடை அண்ணன். இந்த ஆட்டத்தின் அடிப்படை விதிகளைக் கம்பெனிக்காரர்களே இலவசமாக வெளியிட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம் என்று பென் டிரைவில் கொண்டுபோனேன். இயந்திரம் கக்கக் கக்க அண்ணன் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பட்டா, சிட்டா, ஜாதிச் சான்றிதழ் தவிர வேறு இலக்கியம் பார்க்காத கண். ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிட்டார். மந்திரவாதி புது மந்திரம் ஒன்றைத் தன் ஏட்டில் பிரதி எடுத்துக்கொள்ள, மந்திரத்தின் ஒவ்வொரு படிக்கும் 2 மணி நேரமும் 50 தங்கக் காசும் ஆகும் என்று விதி. "ஒரு காப்பிக்கு ஐம்பது தங்கமா? இங்க ரெண்டு ரூவாய்க்குச் சண்டை போடறானுங்க சார்" என்றார். அன்றே மந்திரவாதியாகச் சேர்ந்துகொண்டார். தொழில் பக்தி.

இரண்டாமவர் எங்கள் யூனியன் செயலாளர். மந்திரம், சாமி, வரம் எதுவும் வேண்டாம், கையால் உழைத்துச் சாப்பிடுகிற பாத்திரமாகக் கொடு என்றார். போர்வீரன் கொடுத்தேன். மூன்றாமவன் கேன்டீனில் வேலை செய்யும் ஒடிசாத் தம்பி. தமிழ் சினிமாவிலும் தெலுங்கு சினிமாவிலும் பாதிப்பாதி கற்ற பாஷை. ஆனால் பகடையில் விழுந்ததைக் கூட்டுவதில் அவனுக்கு முன் எங்கள் டிப்ளமோக்கள் நிற்க முடியாது. திருடன் வேஷம் கேட்டு வாங்கிக்கொண்டான். "அண்ணா, கேன்டீன்ல அந்த வேஷம் போட முடியாது" என்றான்.

நான்காமவர் பக்கத்து கம்பெனி டூல் ரூம்காரர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆட்டத்துக்கு நாலு முகம், ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது முகம் என்று விதவிதமான பகடை வேண்டும். பகடை நமக்குப் புதிதில்லை; கீழடியில் தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது. ஆனால் பாய் சொன்ன மாதிரி பத்து தாண்டுவது கஷ்டம். அமெரிக்காவிலேயே 1979 வாக்கில் தட்டுப்பாடு வந்து, பெட்டிக்குள் பகடைக்குப் பதில் நம்பர் அச்சடித்த அட்டைத் துண்டுகளை வைத்து, வெட்டிக் கிண்ணத்தில் போட்டுக் குலுக்கி எடுத்துக்கொள் என்றார்கள். பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் குடத்தில் ஓலை போட்டு வாரியத்துக்கு ஆள் எடுத்ததைக் கல்வெட்டில் படித்த ஜனம் நாம். ஜெராக்ஸ் அண்ணன் அட்டை வெட்டித் தரத் தயாராகத்தான் இருந்தார். ஆன்லைனில் பிளாஸ்டிக்கில் ஒரு செட் சல்லிசாகக் கிடைக்கும் என்று நானும் சொன்னேன்.

டூல் ரூம்காரருக்குச் சுருக்கென்றது. "பிளாஸ்டிக்கா? ஒரு மைக்ரான் அட்ஜஸ்ட் பண்றவன் நான். டிராயிங் குடு."

டிராயிங் கொடுத்தேன். இருபது சமபக்க முக்கோணம். ஒரு முகத்துக்கும் அடுத்த முகத்துக்கும் நடுவே கோணம் 138 டிகிரி 11 மினிட். எதிரெதிர் முகங்களில் உள்ள எண்களைக் கூட்டினால் 21 வர வேண்டும். "டாலரன்ஸ்?" என்றார். பகடைக்கு டாலரன்ஸ் என்ன சொல்வது? ஜாஸ்தி நேர்மையாக விழக் கூடாது என்றேன். பிளஸ் ஆர் மைனஸ் இருபது மைக்ரான் என்று அவரே எழுதிக்கொண்டார்.

50 எம்.எம். இ.என்.8 எஃகு ராடில் மிச்சம் கிடந்த துண்டு. ஸ்கிராப் விலைக்குப் பணம் கட்டி, சி ஷிஃப்டில், முறையாக மேனேஜரிடம் கேட்டு, முதல் நாளில் பத்து முகம், மறுநாள் மிச்சம். விளிம்பு 25 மில்லிமீட்டர், எடை கால் கிலோவுக்குச் சற்று மேல். பகடை என்று சொன்னால் பகடை, எடைக்கல் என்றால் எடைக்கல். வெளியே கொண்டுவர கேட் பாஸ் போட்டார்கள்: ஐட்டம் சாம்பிள், அளவு 1 நம்பர், நான்-ரிட்டர்னபிள். கேட்டில் செக்யூரிட்டி அதைக் கையில் உருட்டிப் பார்த்து, "இது எந்த மெஷினுக்கு சார் போகுது?" என்று கேட்டார். "தலையெழுத்துக்கு" என்றார் டூல் ரூம்காரர். செக்யூரிட்டி ரிஜிஸ்தரில் அப்படியே எழுதிக்கொண்டார்.

இனி நாள். தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் 1958இல் வந்தது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாலு நாளும் கட்டாய விடுமுறை. அதற்கு மேல் ஐந்து நாள் பண்டிகைக்கு. பண்டிகையன்று ஆட்டம் என்று வீட்டில் வாய் திறக்க முடியாது. மிஞ்சுவது அந்த நாலு நாள். அந்த நாலு நாளும் டாஸ்மாக்கும் மூடியிருக்கும் என்பதால் ஆள் வருகை நூறு சதவீதம். அம்பேத்கர், மே தினத் தியாகிகள், சுதந்திரப் போராட்ட வீரர்கள், காந்தி ஆகியோர் கூடி எங்களுக்கு வருஷத்தில் நாலு ஆட்டம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். குடியரசு தினத்தன்று குகை வாசலில் விட்ட திருடன் மே தினம் வரை அங்கேயே குத்தவைத்திருப்பான். "அண்ணா, நான் இன்னும் குந்திதான் இருக்கேனா?" என்று கேன்டீன் சாம்பார் ஊற்றும்போது கேட்பான்.

முதல் ஆட்டம் என் வீட்டுக் கூடத்தில் ஒரு மே தினத்தன்று. எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியே பகடையைப் பார்த்துவிட்டு, 1930ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் இன்னும் இருக்கிறது, தெரியுமா என்று எச்சரித்துவிட்டு, பந்தயம் எவ்வளவு என்றும் விசாரித்தார். பந்தயமே இல்லை என்றதும் அவருக்கு எங்கள் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

நான் கதையை ஆரம்பித்தேன். மலைக்குகை, உள்ளே டிராகன், தங்கக் குவியல். வழியில் சுரங்கம் வெட்டிக்கொண்டிருக்கிற கோப்ளின்கள், பச்சை நிறக் குட்டைப் பிசாசுகள். புத்தகப்படி அவர்களைச் சண்டை போட்டு வீழ்த்திவிட்டு மேலே போக வேண்டும். மந்திரவாதி தீக்குண்டை எடுத்தார். திருடன் பின்பக்கமாக நழுவினான். யூனியன் செயலாளர் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம். இவங்க ஏன் சுரங்கம் வெட்டறாங்க?"

"டிராகனுக்காக."

"சம்பளம்?"

புத்தகத்தைப் புரட்டினேன். மான்ஸ்டர் மேனுவலில் கோப்ளினுக்கு உயரம், உயிர், கத்தி, வில் எல்லாம் போட்டிருக்கிறது. சம்பளம் போடவில்லை.

"பி.எஃப்.? இ.எஸ்.ஐ.? அப்ப இது காண்ட்ராக்ட் லேபர்" என்றார். "டிராகன்தான் பிரின்சிபல் எம்ப்ளாயர். இவங்களை அடிச்சா நாம கருங்காலி."

அதற்குப் பிறகு ஆட்டம் என் கையில் இல்லை. போர்வீரன் வாளைக் கீழே வைத்துவிட்டு கோப்ளின்களை உட்கார வைத்துக் கூட்டம் போட்டான். மந்திரவாதி கோரிக்கைப் பட்டியலை மூன்று பிரதி எடுத்தார். தங்கம் வசூலிக்கவில்லை, இயக்கத்துக்காக. திருடன் பட்டியலை டிராகனின் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு வந்தான். அதற்குப் பகடையில் 18 விழுந்தது, நியாயமாகவே. எட்டு மணி நேர வேலை, வாரம் ஒரு நாள் லீவு, குகைக்குள் எக்ஸாஸ்ட் ஃபேன். டிராகன் நெருப்பு கக்கியது. அது சட்டவிரோதக் கதவடைப்பு என்று செயலாளர் அறிவித்து, லேபர் ஆபீஸர் முன்னிலையில் 12(3) ஒப்பந்தம்தான் வேண்டும், தனியாக 18(1) போட்டு ஏமாற்ற விட மாட்டோம் என்றார். டிராகனின் குரலில் பேச வேண்டியவன் நான். நான் சம்மதிக்கவில்லை. எனக்கும் ஒரு நிலைமை இருக்கிறது, தங்கம் என்ன மரத்திலா காய்க்கிறது என்று டிராகன் கேட்டது. எங்கள் ஜி.எம். குரல் எனக்கு இவ்வளவு நன்றாக வரும் என்று அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"பேச்சுவார்த்தை முறிஞ்சது. பகடை போடுவோம்" என்றார் செயலாளர்.

"எது?" என்றான் ஒடிசாத் தம்பி.

"இருபது."

டூல் ரூம்காரர் தன் கையால் எடுத்துக் கொடுத்தார். செயலாளர் ஆவேசத்தில், மேசை மேல் உருட்ட வேண்டியதை ஆயுத பூஜைப் பூசணிக்காயை உடைக்கிற தோரணையில் போட்டார். கால் கிலோ இ.என்.8 மேசையில் ஒரு தரம் எகிறி, தரையில் இறங்கி, போன வருஷம் ஒட்டிய விட்ரிஃபைடு டைல்ஸில் நட்சத்திரம் போட்டு நின்றது.

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். மேல்முகத்தில் 20.

"ஜெயிச்சோம்!" என்று மந்திரவாதி கத்தினார். டூல் ரூம்காரர் பகடையை எடுத்து வெர்னியரில் அளந்து, ஒரு முனைகூட மழுங்கவில்லை என்றார். உள்ளிருந்து என் மனைவி வந்து டைல்ஸைப் பார்த்தாள், பிறகு ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இதுக்கு யார் காசு குடுக்கறது?"

செயலாளர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "அண்ணி, இது வேலை நேரத்துல, வேலை செய்ற இடத்துல நடந்த சேதம். மேனேஜ்மென்ட்தான் ஏத்துக்கணும்" என்று சொல்லிவிட்டு, டிராகனைப் பார்த்து விரலை நீட்டினார்.